பால் குடித்தே ஆக வேண்டுமா?

கேள்வி: எனக்கு 54 வயது. மாதவிடாய் நின்று நாலு வருடம் ஆகிறது. முழங்கால் வலிக்குச் சுகாதார நிலையத்தில் காட்டியபோது, "எலும்புக்குச் சத்து வேணும், தினமும் 300 மில்லி பால் குடிங்க, கவர்மெண்டே சொல்லியிருக்கு" என்றார்கள். குடித்தால் ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பி, இரைச்சலோடு வெளியே போகிறது. கத்தாரில் இருக்கும் மகனோ, பால் குடிப்பவர்களுக்குத்தான் எலும்பு முறிகிறது என்று ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறான். எங்கள் வீட்டில் மீன் இல்லாத நாள் குறைவு. யார் சொல்வதைக் கேட்பது? மருமகளுக்குக் குழந்தை பிறந்து ஏழு மாதம். பேரனுக்கு ஆட்டுப்பால் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, தங்கச்சிமடம்

மருத்துவர் பதில்: அம்மா, முதலில் வயிற்றைப் பார்ப்போம். பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்க, சிறுகுடலில் லாக்டேஸ் என்ற நொதி சுரக்க வேண்டும். கைக்குழந்தையாக இருக்கும்போது அது நிறையச் சுரக்கும். வளர வளர, தென்னிந்தியர்களில் பெரும்பாலானவர்களுக்குக் குறைந்துவிடும். செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகிறது. நீங்கள் சொல்லும் உப்புசமும் இரைச்சலும் பெரும்பாலும் இதனால்தான். இது நோய் என்று பயப்பட வேண்டாம். இப்படி உள்ளவர்களும் டீயில் கலக்கிற அளவுப் பாலைத் தாங்கிக்கொள்வார்கள், வெறும் வயிற்றில் ஒரு பெரிய டம்ளர் குடித்தால்தான் தொல்லை. இரண்டு வாரம் தனிப்பாலை நிறுத்திப் பாருங்கள். வயிறு சரியாகிவிட்டால் காரணம் தெரிந்துவிடும். நிறுத்திய பிறகும் பேதி தொடர்ந்தாலோ, எடை குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

சரி, அரசு ஆலோசனைக்கு வருவோம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், ஒரு நாளைக்கான மாதிரித் தட்டில் 300 மில்லி என்றுதான் இருக்கிறது. ஆனால் அங்கே எழுதியிருப்பது 'பால் அல்லது தயிர்'. உங்களிடம் சொன்னபோது அந்தத் தயிர் விட்டுப்போயிருக்கிறது. உங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஒரு சொல்தான் முக்கியம். பால் உறையும்போது லாக்டோஸில் ஒரு பகுதி புளிப்பாக மாறிவிடுகிறது, மீதியைச் செரிக்கத் தயிரில் இருக்கும் நுண்ணுயிரிகளே உதவுகின்றன. கால்சியம் குறைவதில்லை. மத்தியானச் சோற்றோடு ஒரு கிண்ணம் தயிர் சாப்பிட்டு உங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆலோசனை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்கிறேன். அந்த நிறுவனம் 1918-இல் நம் குன்னூரில் தொடங்கியது, 1958-இல்தான் ஹைதராபாத்துக்குப் போனது. குன்னூரில் இருந்த காலத்திலேயே, 1930-களில், வெறும் அரிசிச் சோற்றில் வளரும் பிள்ளைகளுக்குக் கொழுப்பு நீக்கிய பால் சேர்த்தால் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். பிள்ளைகள் நன்றாக வளர்ந்தார்கள். ஆக, சோறும் ரசமுமாகச் சாப்பிடுகிற வீட்டுக்குப் பால் சேர்க்கச் சொல்வது நியாயமான யோசனை. மீன், முட்டை, இறைச்சி எதையும் தொடாதவர்களுக்கு இன்னும் அவசியம், அவர்களுக்குப் பி12 வைட்டமின் கிடைக்கிற முக்கிய வழியே பாலும் தயிரும்தான். உங்கள் வீட்டில் அப்படி இல்லை. புரதமும் பி12-உம் மீனிலேயே வந்துவிடுகின்றன. பாலைக் கேட்டு வாங்க வேண்டிய காரணம் உங்களுக்குக் கால்சியம் ஒன்றுதான்.

அந்தக் கால்சியக் கணக்கில் நாடுகளே ஒத்துப்போகவில்லை. நம் நாட்டில் 2010-இல் பெரியவர்களுக்கு நாளுக்கு 600 மில்லிகிராம் என்றார்கள், 2020-இல் அதை 1000 ஆக்கினார்கள். பிரிட்டனில் 700 போதும் என்கிறார்கள். அமெரிக்காவில் நாளுக்கு மூன்று கப் பால் என்று சொல்லி வந்தார்கள். அங்கே வழிகாட்டியை வெளியிடுகிற இரண்டு துறைகளில் ஒன்று விவசாயத் துறை, பால் விற்பனையைப் பெருக்கும் திட்டங்களை மேற்பார்வை பார்ப்பதும் அதே துறைதான். கனடா 2019-இல் தொழில்துறை தந்த அறிக்கைகளை ஒதுக்கி வைத்துவிட்டு வழிகாட்டியைத் திருத்தியபோது, பாலுக்கென்று தனி இடமே தரவில்லை. குடிக்கத் தண்ணீர் என்று சொல்லிவிட்டது. என்னைக் கேட்டால் மூன்று கப் அதிகம். நம் 300 மில்லி அளவானது, ஆனால் அது ஒரு வழிதான்.

மகன் அனுப்பிய வீடியோவும் முழுப் பொய்யாக இருக்காது. சுவீடனில் 60,000-க்கும் அதிகமான பெண்களைப் பல வருடம் கவனித்து 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. நாளுக்கு மூன்று டம்ளரும் அதற்கு மேலும் பால் குடித்தவர்களுக்கு எலும்பு முறிவு குறையவில்லை, இறப்பும் கூடுதலாக இருந்தது. இந்த மாதிரி வீடியோக்கள் அதோடு நிறுத்திவிடுகின்றன. அதே ஆய்வில் தயிர் வகைகளும் சீஸும் சாப்பிட்டவர்களுக்கு நிலைமை நேர்மாறாக இருந்தது. இதை எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். 2021-இல் ஆஸ்திரேலியாவில் 60 முதியோர் இல்லங்களில் பாதியில் மட்டும் பால், தயிர், சீஸைக் கூட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கே எலும்பு முறிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அந்த முதியவர்கள் அதற்கு முன்பு கால்சியமும் புரதமும் போதாமல் இருந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். இல்லாதவருக்குக் கொடுத்தால் பலன் தெரிகிறது, இருப்பவருக்கு மேலும் மேலும் ஊற்றுவதால் தெரிவதில்லை.

அப்புறம், உங்கள் அடுப்படி. 300 மில்லி பாலில் சுமார் 360 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. 50 கிராம் கேழ்வரகு மாவில் 170-க்கு மேல். ஆய்ந்த முருங்கைக்கீரை 50 கிராமில் 150 அளவுக்கு. மீன் சாப்பிடுகிறோம் என்கிறீர்களே, எந்த மீன், எப்படி? சீலா, பாறை என்று துண்டு மீனாக வாங்கி முள்ளை ஒதுக்கிவிட்டால் கால்சியம் முள்ளோடு போய்விடுகிறது. நெத்திலியைத் தலை கிள்ளிக் குடலை உருவிவிட்டு, நடுமுள்ளை எடுக்காமல் அப்படியே வறுத்து மென்று சாப்பிட வேண்டும். சூடையைப் புளிக்குழம்பில் நன்றாக வேகவிட்டால் சின்ன முள் மென்றுவிடலாம்போல ஆகிவிடும். டின்னில் வருகிற மத்தியை முள்ளோடு கணக்கிட்டால் 100 கிராமில் 380 மில்லிகிராம் கால்சியம், அதோடு வைட்டமின் டி-யும் உண்டு. விலை குறைந்த பொடிமீன்தான் எலும்புக்கு உசத்தி.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, நாட்டுப்படகு மீன் விலை ஏறிவிடும், வீடு கருவாட்டுக்கு மாறும். பிரஷர் இருப்பவர்களுக்குக் கருவாட்டு உப்பு ஆகாது. அந்த இரண்டு மாதமும் தயிரையும் கேழ்வரகையும் கூட்டிக்கொள்ளுங்கள். நெத்திலிக் கருவாடு என்றால் இரண்டு மூன்று தடவை சுடுதண்ணீரில் அலசிவிட்டு, குழம்பில் தனியாக உப்புப் போடாமல் செய்யுங்கள்.

வெயிலுக்குப் பஞ்சமில்லாத கடற்கரைதான், ஆனாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கிற, முழுக்கப் போர்த்திக்கொண்டு வெளியே போகிற பெண்களுக்கு வைட்டமின் டி குறைவாகத்தான் இருக்கிறது. அது இல்லாமல் எந்தக் கால்சியமும் ஒழுங்காக உடம்பில் சேராது. மாடியில் துணி காயப்போடும்போது முற்பகல் வெயில் கையிலும் காலிலும் கொஞ்ச நேரம் படட்டும். ஒரு முறை ரத்தத்தில் அளவு பார்த்துக்கொள்வது நல்லது.

முழங்கால் வலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் அது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம், பாலோ தயிரோ அதைப் போக்காது. எலும்பு அடர்த்தி குறைவது வேறு விஷயம், முறிகிற வரை வலியே இருக்காது. முழங்காலுக்கு எடையைக் குறைப்பதும் தொடைத் தசைக்கான பயிற்சியும்தான் உதவும்.

பேரனுக்கு ஆட்டுப்பால் வேண்டாம். ஒரு வயது வரை ஆட்டுப்பாலோ மாட்டுப்பாலோ தாய்ப்பாலுக்குப் பதிலாகாது. இரும்புச்சத்து குறைந்து ரத்தசோகை வரலாம். ஆட்டுப்பாலில் ஃபோலிக் அமிலமும் மிகக் குறைவு. ஆட்டுப்பால் வயிற்றுக்கு லேசு என்று நீங்களும் அதற்கு மாற வேண்டாம், அதிலும் லாக்டோஸ் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஏழு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலோடு கேழ்வரகுக் கூழ், குழைந்த பருப்புச் சாதம், முட்டை, முள் எடுத்து மசித்த மீன் கொடுக்கலாம். பால் கொடுக்கிற மருமகளுக்கு நாளுக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். தயிரும் பொடிமீனும் அவர் தட்டில் முதலில் விழட்டும். அவர் இரும்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதைப் பாலோடும் டீயோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்க்காமல், இரண்டு மணி நேரம் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.