மாவுக்குப் போட்ட ஸ்வெட்டர்

அன்புள்ள அம்மா,

கல்யாணமாகி விருதுநகரிலிருந்து கொடைக்கானல் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அவர் ஒரு காட்டேஜில் வேலை பார்க்கிறார். சீசன் முடிந்தால் சம்பளம் பாதியாகிவிடும். சாப்பாட்டுச் செலவைக் குறைக்கலாம் என்று, வீடியோவில் பார்த்த ஒரு வாரச் சமையல் அட்டவணையை அப்படியே எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். பன்னீரை மட்டும் எடுத்துவிட்டு முட்டைகோஸ் போட்டேன். திங்கள் சாம்பார், செவ்வாய் கொண்டைக்கடலைக் குழம்பு, புதன் இட்லி என்று ஏழு நாளுக்கும் இருக்கிறது. ஆனால் வியாழக்கிழமைக்குள் எல்லாம் குளறுபடியாகி அழுகை வந்துவிடுகிறது. மாவு புளிப்பதே இல்லை, வாரம் 4 பாக்கெட் மாவு வாங்குகிறேன், ஒன்று 45 ரூபாய். கடலை வேகவில்லை என்று 18 விசில் வைத்தேன். சிலிண்டர் 24 நாளில் தீர்ந்துவிட்டது. வாரம் 2,000 ரூபாய்க்குள் இரண்டு பேர் சாப்பிட முடியாதா? மளிகையை மாதத்துக்கு மொத்தமாக வாங்கினால் லாபமா? இப்படிக் கணக்குப் பார்ப்பது கஞ்சத்தனம் என்று அவர் கேலி செய்கிறார். எனக்கு ஒரு நல்ல அட்டவணை போட்டுத் தருவீர்களா?

ஒரு வாசகி, நாயுடுபுரம்

*

அன்புள்ள பெண்ணே,

அம்மா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று காலை நான் அலமாரியைக் கவிழ்த்துப் போட்டு ஒரு பழைய ஸ்வெட்டரைத் தேடிக்கொண்டிருந்தேன். எனக்கு இல்லை, மாவுக்கு. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

கேலி செய்கிறவர் செய்யட்டும். சீசன் இல்லாத மாதம் வாடகை கொடுக்கும்போது அவருக்கே கணக்கு வந்துவிடும். மொத்தமாக வாங்குவதா? முதலில் ரேஷன் கார்டைப் பார். உன் பெயர் இன்னும் விருதுநகரில் அப்பா கார்டிலேயே இருக்கிறதா? அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அதை விட்டுவிட்டு மளிகைக் கடையில் தள்ளுபடி தேடாதே. பயறு வகைகளை மட்டும் மூட்டையாக வாங்கி அடுக்க வேண்டாம். இந்த ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், பழசானால் வேகவும் வேகாது. சரி, அது முடிந்தது.

ஆனால் அந்த 18 விசில்! அதை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. கடலையை ஊறப்போட்டாயா என்று கடிதத்தில் மூன்று முறை தேடினேன். ஒரு வார்த்தை இல்லை. காலையில் எழுந்ததும் தண்ணீரில் போட்டுப் பதினோரு மணிக்கு அடுப்பில் ஏற்றியிருப்பாய். விருதுநகரில் அது எப்படியோ ஒப்பேறும். அங்கே தண்ணீர் கிட்டத்தட்ட நூறு டிகிரியில் கொதிக்கிறது. நீ இப்போது இருப்பது கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில். இங்கே காற்றின் அழுத்தம் குறைவு. அதனால் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதிக்க ஆரம்பித்துவிடும். பார்த்தால் கொதிதான், ஆனால் கீழே விருதுநகரில் இருக்கும் சூடு அதில் இல்லை. அடுப்பை எவ்வளவு பெரிதாக எரியவிட்டாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் ஏறாது. தண்ணீர் ஆவியாகிப் போகும், கேஸ் தீரும், பருப்பு மட்டும் முழித்துக்கொண்டு கிடக்கும். குக்கர் கொஞ்சம் ஈடுகட்டும். அதற்குள்ளேயும் கீழே வருகிற அளவு சூடு வருவதில்லை. முட்டைகோஸில் மிச்சம் பிடித்ததை எல்லாம் விசிலாக ஊதித் தள்ளியிருக்கிறாய், பெண்ணே. 24 நாளில் சிலிண்டர் தீராமல் என்ன செய்யும்?

கொண்டைக்கடலை, மொச்சை, ராஜ்மா எதுவானாலும் முந்தின நாள் சாயங்காலமே ஊற வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, 12 மணி நேரம். குளிரில் ஊறுவதும் மெதுவாகத்தான் நடக்கும், மார்கழி என்றால் இன்னும் நாலு மணி நேரம் கூட்டிக்கொள். மறந்துபோன அன்றைக்கு மைசூர் பருப்பைப் போடு, அது ஊறாமலே வெந்துவிடும். சந்தைக்குப் பச்சைப் பட்டர் பீன்ஸ் வருகிற நாட்களில் காய்ந்த பயறைத் தொடவே வேண்டாம்.

அந்த வீடியோக்காரர் கீழ்நாட்டில் இருக்கிறார். அவருடைய செவ்வாய்க்கிழமைச் சமையல் செவ்வாய்க்கிழமை காலையில் தொடங்குகிறது. நம்முடையது திங்கட்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கே தொடங்கிவிடும். இட்லி என்றால் அதற்கும் முன்னால். இதைச் சொல்லாத அட்டவணை இங்கே எதற்கும் உதவாது. ‘இன்று என்ன சமையல்’ என்று ஒட்டியிருக்கிறாயே, அதைக் கிழித்துப் போட்டுவிட்டு ‘இன்று ராத்திரி எது ஊறணும்’ என்று எழுதி ஒட்டு.

என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உப்பு ஜாடியின் மூடி கவிழ்ந்திருந்தால் அன்று சாயங்காலம் எதையோ ஊறப்போட வேண்டும் என்று அர்த்தம். எங்கள் வீட்டு அட்டவணை அந்த ஒரு மூடிதான். அப்பா காய்கறி லாரி ஓட்டினார். மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் மூட்டை ஏற்றி, ராத்திரியோடு ஒட்டன்சத்திரத்தில் இறக்கிவிட்டு விடியும்போது வீடு திரும்புவார். புதனும் சனியும் அவர் வருகிற நாள். அந்த இரண்டு காலையிலும் இட்லி இருந்தாக வேண்டும். புதன்கிழமை இட்லிக்குத் திங்கட்கிழமை காலையில் அரிசி ஊறும். சாயங்காலம் ஆட்டுக்கல்லில் ஆட்டி, விறகடுப்பு மேட்டில் குண்டானை வைத்துவிடுவாள். செவ்வாய் முழுக்க அது அங்கேயே இருக்கும். சும்மா இருக்காது, என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு இருக்கும்.

எனக்கு இருந்தது ஒரே ஸ்வெட்டர். மெரூன் கலர், ஞாயிறு சந்தையில் வாங்கியது. அதைக் குண்டானுக்கு மாட்டி, கை இரண்டையும் முன்னால் இழுத்து முடிச்சுப் போடுவாள். குளிரில் கைகட்டி உட்கார்ந்திருக்கிற ஒரு குண்டுப் பையன் மாதிரி இருக்கும். செவ்வாயும் வெள்ளியும் நான் அம்மாவின் பழைய சேலைத் துண்டைப் போர்த்திக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன். ஒரு மார்கழியில், வெளியே புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்த செவ்வாய்க்கிழமை, அம்மா தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து முடிச்சை அவிழ்த்து ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஓடிவிட்டேன். வகுப்பு முழுக்க என்மேல் புளித்த வாடை. யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை, குளிரவில்லை, அது போதும்.

புதன்கிழமை காலையில் மாவு ஆட்டி வைத்த அளவிலேயே இருந்தது. அம்மா அதையே ஊற்றி எடுத்தாள். அப்பா லாரியிலிருந்து இறங்கி வந்து, கல் மாதிரி இருந்த நாலு இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, “என்ன, மாவுக்கு ஜலதோஷமா?” என்று மட்டும் கேட்டார். அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து குண்டானைத் தன் போர்வையால் சுற்ற ஆரம்பித்தாள். இரண்டு ராத்திரி அது அவளுக்கு இருக்காது என்பது எனக்குப் புரிய ரொம்ப வருடம் ஆனது.

சரி, உன் மாவுக்கு வருவோம். உனக்கு விறகடுப்பு மேடு இல்லை, கேஸ் அடுப்பு அணைத்த கையோடு ஆறிவிடும். உளுந்தோடு ஒரு ஸ்பூன் வெந்தயம் ஊறட்டும். ஆட்டிய மாவில் பழைய மாவு ஒரு கரண்டி விட்டு, உப்புப் போட்டுக் கையாலேயே கலக்கு. கரண்டி வேண்டாம். பெரிய அண்டாவில் சுடுதண்ணீர் வைத்து நடுவில் குண்டானை இறக்கி மூடி, மேலே கம்பளி போர்த்து. தண்ணீர் ஆறினால் மாற்று. ஒரு நாள் முழுதாக விடு. ராத்திரி ஆட்டிக் காலையில் இட்லி என்கிற எண்ணத்தை விருதுநகரிலேயே விட்டுவிடு. ரேஷன் புழுங்கலரிசியே இட்லிக்குப் போதும். மாதம் 720 ரூபாய் பாக்கெட் மாவுக்குப் போகிறது என்று உன் கணக்கே சொல்கிறது.

அட்டவணை போட்டுத் தரச் சொன்னாய், தர மாட்டேன். ஞாயிறு சந்தையில் என்ன மலிவு என்று இங்கே உட்கார்ந்து எனக்கு எப்படித் தெரியும்? மத்தியானம் மூன்று மணிக்கு மேல், பனி இறங்கத் தொடங்கும்போது போ. மிஞ்சியதைக் கூறு கட்டித் தள்ளிவிடுவார்கள். வீட்டுக்கு வந்து பையைக் கொட்டிப் பார்த்த பிறகு எழுது, சனிக்கிழமையை மட்டும் காலியாக விடு. அன்றைக்குக் கூடையின் அடியில் கிடக்கிற அரைக் கேரட், கால் மேரக்காய், நாலு பீன்ஸ் எல்லாம் சேர்ந்து ஒரு குழம்பாகிவிடும். பூண்டை மேல்மலைக்காரர்களிடமே வாங்கு. நம் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தாயிற்று, கடைக்காரர்கள் அந்தப் பெயரில் எதையெதையோ விற்கிறார்கள்.

அட, 2,000 ரூபாய் போதுமா என்று கேட்டாயே, அதை மறந்தே போனேன். போதும். விசிலைக் குறை.

ஸ்வெட்டர் கிடைக்கவில்லை. இப்போதைக்குப் பேரனுடைய குரங்குக் குல்லாவைக் குண்டானுக்கு மாட்டியிருக்கிறேன். ஊரிலிருந்து அவன் வருவதற்குள் கழற்றித் துவைத்துவிட வேண்டும்.