தெருமுனை சூப்பர் மார்க்கெட்டில் மாசச் சாமான் வாங்குவது நஷ்டமா?

கேள்வி: பெரிய கடைகளில் எல்லாவற்றுக்கும் தள்ளுபடி கிடைக்கிறதே, வீட்டுப் பக்கத்தில் இருக்கும் சின்ன சூப்பர் மார்க்கெட்டில் மளிகை வாங்குவது நஷ்டம் இல்லையா?

சில பொருட்களில் நஷ்டம்தான். மொத்தமாகப் பார்த்தால் எனக்கு நஷ்டமில்லை.

நான் இருப்பது மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலைப் பக்கம். எங்கள் தெருமுனைக் கடை முன்பு வெறும் மளிகைக் கடை. லிஸ்ட்டைக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்போம், அண்ணாச்சி கட்டித் தருவார். பிறகு அவரே ராக் போட்டு, கூடை வைத்து, பில் மெஷின் வாங்கி சூப்பர் மார்க்கெட் ஆக்கினார். மூன்று வரிசை ராக், ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு ஃப்ரீசர், அவ்வளவுதான். பத்து வருடமாக அங்கேதான் வாங்குகிறேன்.

நஷ்டம் வருவது எண்ணெய், சோப்பு, துணித்தூள் மூன்றிலும். பெரிய கடைகள் இவற்றை மொத்தமாக எடுப்பதால் எம்.ஆர்.பி.யை விடக் குறைத்துத் தர முடிகிறது, அண்ணாச்சியால் அந்த அளவுக்கு முடியாது. ஆகவே இவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியே வாங்கிவிடுவேன். பருப்பு, புளி, மிளகாய், மல்லி, ரவை போன்றவற்றில் பெரிய வித்தியாசம் இல்லை. பெரிய கடைக்குப் போய்வர ஆட்டோவுக்குக் கொடுப்பதையும், லிஸ்ட்டில் இல்லாமல் கூடைக்குள் வந்துவிடும் பொருட்களையும் சேர்த்தால் மிச்சம் பிடித்த பணம் கரைந்துவிடுகிறது.

எந்தக் கடையானாலும் எண்ணெய் பாக்கெட்டை மட்டும் படிக்காமல் எடுக்காதீர்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டும் 850 மில்லி பாக்கெட்டும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். உதாரணத்துக்கு, லிட்டர் 150 ரூபாய், 850 மில்லி 135 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 15 ரூபாய் குறைவு என்று சின்னதை எடுத்தால், கணக்குப்படி அது லிட்டர் கிட்டத்தட்ட 159 ரூபாய். இன்னொன்று, ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ இருக்காது, சுமார் 910 கிராம்தான். இப்போது பாக்கெட்டுகளில் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்திலேயே ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு எவ்வளவு என்று அச்சடித்திருக்கிறார்கள். பொடி எழுத்துதான், ஆனால் இரண்டு பாக்கெட்டை ஒப்பிட அதைவிட நல்ல வழி இல்லை. என் மாமியாருக்கு அந்த எழுத்து தெரியாது. அவர் தனியாகப் போனால் அண்ணாச்சியே வாசித்துச் சொல்லி எடுத்துக் கொடுப்பார். எனக்கு இது ரொம்பப் பெரிய விஷயம்.

கடையிலேயே கட்டி வைத்த பருப்பு பாக்கெட்டுகளைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கையில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள், அடியில் மாவு மாதிரி தூள் சேர்ந்திருந்தால் வண்டு விழுந்திருக்கிறது. ரவையும் கடலை மாவும் நூலாம்படை போல் ஒட்டிக் கட்டியாகியிருந்தால் வாங்க வேண்டாம். ஒருமுறை மழைக்காலத்தில் கடலை மாவைப் பார்க்காமல் வாங்கி வந்து, பிரித்தால் புழு. பில்கூட இல்லை. எடுத்துக்கொண்டு போனேன். அண்ணாச்சி ஒரு வார்த்தை பேசாமல் வேறு பாக்கெட் கொடுத்தார். அதோடு நிற்காமல் ராக்கில் இருந்த அந்த மாவு பாக்கெட் எல்லாவற்றையும் என் கண் முன்னாலேயே இறக்கிவிட்டார்.

ஃப்ரீசர் சரக்கு சின்னக் கடைகளின் பலவீனம், ஒத்துக்கொள்கிறேன். கரண்ட் போனால் எல்லோராலும் ஜெனரேட்டர் போட முடியாது. பட்டாணி பாக்கெட்டை அழுத்தினால் மணிமணியாக உதிர வேண்டும். ஒரே கல்லாக இருந்தால் உருகி மறுபடி உறைந்தது என்று அர்த்தம். உப்பிய பனீர் பாக்கெட்டும் வேண்டாம்.

விலையைக் கேட்கத் தயங்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, ஷாம்பு, டூத்பேஸ்ட்டுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்தில் இருந்து 5 ஆகக் குறைந்தது. ராக்கில் இருந்ததோ பழைய விலை அச்சடித்த சரக்கு. கேட்டேன், பில்லில் குறைத்தே போட்டார். வேறொரு கடையில் குளிர்பானத்துக்கு எம்.ஆர்.பி.க்கு மேல் 'கூலிங் சார்ஜ்' கேட்டார்கள். கடைக்காரர் அப்படி வசூலிக்கக் கூடாது. நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லலாம்.

நான் அந்தக் கடையை விடாமல் இருப்பதற்குக் காரணம் 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் பக்கம் தெருவெல்லாம் தண்ணீர். கரண்ட் இல்லை, போனில் டவர் இல்லை. பாலுக்கு ஊரே அலைந்தது. டெலிவரி ஆப் எதுவும் வேலை செய்யவில்லை. அண்ணாச்சி மறுநாள் காலையில் பாதி ஷட்டரைத் தூக்கி, மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார். கையில் காசு இல்லாமல் எல்லோரும் கூகுள் பே-யை நம்பியிருந்தவர்கள்தான். "நோட்டுல எழுதிட்டுப் போங்கம்மா, தண்ணி வடியட்டும்" என்றார். அவரிடம் பால் பவுடர் ஐந்தாறு பாக்கெட்தான் இருந்தது. "கைப்புள்ள இருக்கிற வீட்டுக்கு மட்டும்தான்" என்று சொல்லிவிட்டார், யாரும் மறுத்துப் பேசவில்லை. விலையை ஒரு ரூபாய் ஏற்றவில்லை. நான் எழுதி வைத்தது 640 ரூபாய், நான்காம் நாள் கொடுத்தேன்.

கடைசியாக ஒன்று. உங்களுக்கு வேண்டியது கடையில் இல்லையென்றால் வாயைத் திறந்து கேளுங்கள். மத்தியானம் இரண்டு மூன்று மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது, நின்று பேசுவார்கள். மாமியாருக்குச் சர்க்கரை என்பதால் சாமையும் வரகும் கேட்டேன். அடுத்த வாரமே அரை கிலோ பாக்கெட் ஆறு வாங்கி வைத்தார். இரண்டு நான் எடுத்தேன், மீதியும் அந்த மாதத்திலேயே விற்றுப்போனது. இப்போது நடு ராக்கில் சாமை, வரகு, குதிரைவாலி, தினை நான்கும் இருக்கிறது.