எதிர்ப்பு சக்தி அதிகமா, குறைவா?

கேள்வி: எங்கள் மகனுக்கு 9 வயது. மூன்று மாதங்களுக்கு முன் ஓயாத தாகம், இரவில் படுக்கையை நனைப்பது என்று ஆரம்பித்து, கடைசியில் வாந்தியும் மூச்சிரைப்புமாக மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. டைப் 1 சர்க்கரை நோய் என்றார்கள். "வேலியே பயிரை மேய்ந்துவிட்டது. உடம்பின் எதிர்ப்பு செல்களே கணையத்தைத் தாக்கியிருக்கின்றன" என்று டாக்டர் சொன்னார். அப்படியானால் அவனுக்கு நோய் எதிர்ப்பு சக்தி அதிகமா, குறைவா? எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடி, டானிக் கொடுக்கச் சொல்கிறார்கள் உறவினர்கள். கொடுக்கலாமா? சில மாதங்களுக்கு முன் வந்த காய்ச்சல்தான் காரணமா? இப்போது இன்சுலின் அளவு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. குணமாகி வருகிறானா? 5 வயது மகளுக்கும் வருமா? எங்கே தவறு செய்தோம் என்று நினைத்து நினைத்துத் தூக்கம் போய்விட்டது.

பதில்: சகோதரி, உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. இனிப்பு கொடுத்ததால் இந்த நோய் வருவதில்லை. சரியாகக் கவனிக்காததாலும் வருவதில்லை. மகனுக்குத் தாகம் எடுக்கத் தொடங்குவதற்குப் பல மாதங்கள் முன்பே, ஒருவேளை சில வருடங்கள் முன்பே, அவன் கணையத்துக்குள் இது ஆரம்பித்திருக்கும். அந்தக் கட்டத்தில் வெளியே எதுவும் தெரியாது. எந்தத் தாயாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

எதிர்ப்பு சக்தி அதிகமா, குறைவா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் இல்லை. சளி, காய்ச்சல் கிருமிகளை அவன் உடம்பு மற்ற பிள்ளைகளைப் போலவே எதிர்க்கும். ஒரே ஓர் இடத்தில்தான் ஆளை மாற்றி அடையாளம் கண்டுவிட்டது. அந்தத் தவறைத் தடுத்திருக்க வேண்டிய செல்களாலும் தடுக்க முடியவில்லை.

அந்த இடம் எவ்வளவு சிறியது தெரியுமா? தாக்கப்பட்டது முழுக் கணையம் அல்ல. கணையத்துக்குள் சின்னச் சின்னத் திட்டுகளாகச் சில செல் கூட்டங்கள் உண்டு. 1869-இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மன் மாணவர் அவற்றை முதலில் விவரித்ததால் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்று பெயர். எல்லாத் திட்டுகளையும் ஒன்றுசேர்த்தாலும் கணையத்தின் எடையில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் வரும். ஒரே திட்டுக்குள் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லும், சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஹார்மோனைச் சுரக்கும் ஆல்ஃபா செல்லும் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. தாக்குதலில் அழிவது பீட்டா செல் மட்டும்தான். பக்கத்திலிருக்கும் ஆல்ஃபா செல் பிழைத்துக்கொள்கிறது. நோய் வந்த கொஞ்ச நாளிலேயே இறந்துபோன இளம் வயதினரின் கணையங்களை ஆராய்ந்த பெல்ஜிய மருத்துவர் வில்லி கெப்ட்ஸ், திட்டுகளைச் சுற்றியும் உள்ளேயும் வெள்ளை அணுக்கள் மொய்த்திருப்பதை 1965-இல் எழுதினார். இது எதிர்ப்பு மண்டலத்தின் வேலை என்ற எண்ணம் வலுப்பட்டது அதன் பிறகுதான்.

அப்படி மொய்ப்பவற்றில் அதிகம் இருப்பவை சி.டி.8 டி செல்கள் என்ற வகை வெள்ளை அணுக்கள். கொல்லும் டி செல்கள் என்றும் சொல்வார்கள். இவை நமக்கு மிகவும் தேவையானவை. நம் உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்லும் தனக்குள் இருக்கும் புரதங்களின் சிறு துண்டுகளை ஹெச்.எல்.ஏ. என்ற மூலக்கூறில் வைத்து வெளியே காட்டிக்கொண்டே இருக்கும். வைரஸ் புகுந்த செல்லில் வைரஸின் துண்டும் வெளியே தெரியும். சி.டி.8 செல் அதைத் தொட்டுப் பார்த்து, பெர்ஃபோரின் என்ற புரதத்தால் துளை போட்டு, கிரான்சைம் என்ற நொதியை உள்ளே அனுப்பும். அந்தச் செல் மடிந்துவிடும். உங்கள் மகனுக்கு நடந்தது இதே வேலைதான், ஆனால் இலக்கு தவறிவிட்டது. பீட்டா செல் இன்சுலின் தயாரிக்கிற செல் என்பதால் அது வெளியே காட்டுவதில் இன்சுலின் துண்டுகளும் இருக்கும். அதைப் பகை என்று எடுத்துக்கொண்டன சில டி செல்கள். சி.டி.4 உதவி டி செல்கள், கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ்கள், ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்கும் பி செல்கள் எல்லாம் அவற்றுக்குத் துணை நிற்கின்றன.

மருத்துவ அறிக்கையில் ஜி.ஏ.டி. ஆன்டிபாடி பாசிட்டிவ் என்று எழுதியிருப்பார்கள். ஜி.ஏ.டி. என்பது பீட்டா செல்லில் இருக்கும் ஒரு புரதம், அதற்கு எதிரான ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஆன்டிபாடிதான் கணையத்தை அழித்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அது தாக்குதல் நடப்பதற்கான அடையாளம். பிறவியிலேயே பி செல் இல்லாத, ஆன்டிபாடி தயாரிக்கவே முடியாத ஒருவருக்கும் டைப் 1 வந்ததை 2001-இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட டி செல்கள் எங்கிருந்து வந்தன? நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்ற சுரப்பி இருக்கிறது. டி செல்கள் தேறி வருவது அங்கேதான். உடம்பின் பல புரதங்களை, இன்சுலினையும்கூட, தைமஸ் கொஞ்சம் கொஞ்சம் தயாரித்துக் காட்டும். அவற்றின்மேல் பலமாகப் பாயும் டி செல் அங்கேயே அழிக்கப்படும். ஆனால் சில தப்பி வந்துவிடும். உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று ஒன்று சொல்கிறேன்: பீட்டா செல்லைக் குறிவைக்கக்கூடிய டி செல்கள் நோயே இல்லாதவர்களின் ரத்தத்திலும் இருக்கின்றன. அவற்றை அடக்கி வைப்பவை கட்டுப்படுத்தும் டி செல்கள். ஷிமோன் சாகாகுச்சி 1995-இல் இவற்றை அடையாளம் காட்டினார். அவருக்கும், மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் 2025-இன் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது இந்த ஆராய்ச்சிக்காகத்தான். இந்தச் செல்களுக்கு அடிப்படையான ஃபாக்ஸ்பி3 மரபணு பழுதாகிப் பிறக்கும் ஆண் குழந்தைகளில் பலருக்குக் கைக்குழந்தையாக இருக்கும்போதே சர்க்கரை நோய் வந்துவிடுகிறது. அந்தக் கட்டுப்பாடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அதனால்தான் பொடியும் டானிக்கும் வேண்டாம் என்கிறேன். உங்கள் மகனுக்குக் குறைந்திருப்பது எதிர்ப்பின் வேகம் அல்ல. புற்றுநோய்க்குத் தரும் சில மருந்துகள் டி செல்களின் தடையை விலக்கிவிடும். அவற்றை எடுத்தவர்களில் சிறு பகுதியினருக்கு இதே மாதிரியான சர்க்கரை நோய் வந்திருக்கிறது. டானிக் அந்த அளவுக்குப் போகும் என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலும் அதனால் ஒன்றும் ஆகாது, பணம்தான் வீணாகும். எனக்குக் கவலை வேறு. 'இது எதிர்ப்பு சக்திக் கோளாறு, பொடியால் சரியாகும்' என்று யாராவது சொல்லி ஒரு நாள் இன்சுலின் நின்றுபோனால் உயிருக்கே ஆபத்து. தடுப்பூசிகளை மட்டும் அட்டவணைப்படி விடாமல் போடுங்கள். அவற்றால் இந்த நோய் வருவதில்லை.

காய்ச்சல் விஷயம். காக்ஸாக்கி பி போன்ற சில குடல் வைரஸ்களுக்கு இதில் பங்கு இருக்கலாம் என்பதற்குச் சான்றுகள் உண்டு. ஆனால் நீங்கள் குறிப்பிடும் காய்ச்சல் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததை வெளியே கொண்டுவந்திருக்கவே வாய்ப்பு அதிகம். காய்ச்சலின்போது உடம்புக்கு இன்சுலின் கூடுதலாகத் தேவை. பாதிப் பீட்டா செல்லோடு சமாளித்துக்கொண்டிருந்த கணையத்தால் அப்போது முடியாமல் போகும்.

சரி, இன்சுலின் அளவு குறைந்திருப்பதற்கு வருவோம். உங்கள் நம்பிக்கையைக் குலைக்க எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். இது குணம் அல்ல. டாக்டர்கள் இதை ஹனிமூன் காலம் என்பார்கள். ஊசியால் சர்க்கரை இறங்கியதும், மிச்சமிருக்கும் பீட்டா செல்கள் கொஞ்சம் தெம்பாகி மறுபடி சுரக்கின்றன. சிலருக்குச் சில மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல் இப்படி ஓடும். அப்புறம் தேவை மறுபடி ஏறும்.

ஏன் ஏறுகிறது என்பதை அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1980-களில் நடந்த சில அறுவை சிகிச்சைகள் காட்டின. பல வருடங்களாக டைப் 1 இருந்தவர்களுக்கு, நோய் இல்லாத அவர்களுடைய ஒற்றைக்கரு இரட்டையர் தங்கள் கணையத்தில் ஒரு பகுதியைத் தானம் கொடுத்தார்கள். இருவரின் திசுவும் ஒன்றே என்பதால் புதுக் கணையத்தை உடம்பு அந்நியம் என்று ஒதுக்கவில்லை. எதிர்ப்பை அடக்கும் மருந்தும் தேவைப்படவில்லை. முதலில் சர்க்கரை சீரானது. ஆனால் சில வாரங்களிலேயே நோய் திரும்பியது. புதுக் கணையத்தின் திட்டுகளிலும் வெள்ளை அணுக்கள் மொய்த்து, பீட்டா செல்லை மட்டும் அழித்திருந்தன. அத்தனை வருடம் கழித்தும் டி செல்கள் தங்கள் இலக்கை மறக்கவில்லை. அதனால் அளவை டாக்டர் எவ்வளவு குறைத்தாலும் சரி, ஊசியை நீங்களாக நிறுத்தவே கூடாது. இந்தக் காலத்தில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் மிச்சமிருக்கும் செல்கள் இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். அது பிற்காலத்தில் அவனுக்கு நிச்சயம் உதவும்.

மகளைப் பற்றி. டைப் 1 உள்ளவரின் உடன்பிறப்புக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு நூற்றில் ஐந்தாறு அளவுதான். ஒற்றைக்கரு இரட்டையரில்கூட ஒருவருக்கு வந்தால் மற்றவருக்குக் கட்டாயம் வரும் என்று இல்லை. அவளுக்கு ஆன்டிபாடி பரிசோதனை செய்யலாம். இன்சுலின், ஜி.ஏ.டி., ஐ.ஏ.2, ஜிங்க் டிரான்ஸ்போர்ட்டர் 8 ஆகிய நான்கு பீட்டா செல் புரதங்களுக்கும் எதிரான ஆன்டிபாடிகளைப் பார்ப்பார்கள். இரண்டோ அதற்கு மேலோ தொடர்ந்து இருந்தால், பத்து வருடங்களுக்குள் நூற்றில் சுமார் 70 பிள்ளைகளுக்கு நோய் வெளிப்படுகிறது. எதுவும் இல்லையென்றால் நிம்மதிதான், ஆனாலும் சில வருடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

தெரிந்து என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். முன்பு அந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடையாது, இப்போது உண்டு. டி செல்லின் சி.டி.3 என்ற பகுதியில் ஒட்டிக்கொண்டு அதன் வேகத்தைத் தணிக்கும் டெப்லிசுமாப் மருந்துக்கு, 2022 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் தந்தது. அந்த ஒப்புதலின்படி, இரண்டோ அதற்கு மேலோ ஆன்டிபாடிகள் இருந்து, சர்க்கரையில் லேசான மாறுதல் தொடங்கிய, 8 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 14 நாள் நரம்பு வழியாகத் தருவார்கள். 2019-இல் வெளியான ஆய்வில் நோய் வெளிப்படுவது சுமார் இரண்டு வருடம் தள்ளிப்போனது. ஒரு குழந்தைக்கு ஊசி இல்லாத இரண்டு வருடம் என்பது சாதாரண விஷயமா? இந்த ஒப்புதல் நோய் வெளிப்படும் முன் தருவதற்கானது என்பதால் உங்கள் மகனுக்குப் பொருந்தாது.

என்னைக் கேட்டால், முடிவை விளக்கிச் சொல்ல ஆள் இருக்கும் இடத்தில், அவன் டாக்டரிடமே பேசி மகளுக்குப் பரிசோதனை செய்வேன். செய்தாலும் செய்யாவிட்டாலும், அவளுக்கு ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், திடீர் மெலிவு, நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்புவது என எது தென்பட்டாலும் அன்றைக்கே விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பாருங்கள். கருவியும் அதைப் பார்க்கும் பழக்கமும் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. அளவு கூடியிருந்தால் காலைவரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.