படர்தாமரை முதல் கருப்புப் பூஞ்சை வரை: கேள்வி பதில்

பல வருடம் பரிசோதனைக் கூடத்தில் பூஞ்சை வளர்த்துப் பார்த்தவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கொருக்குப்பேட்டை மாணவி: சார், ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்துக்குக் கேண்டிடா என்ற பூஞ்சை சில சமயம் ஏன் சாவதில்லை?

நல்ல கேள்விம்மா. கேண்டிடா அல்பிகன்ஸின் செல் சவ்வில் சிடிஆர்1 என்றொரு புரதம் உண்டு. மருந்து உள்ளே வர வர, செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து வெளியே தள்ளிவிடும். வியாசர்பாடியில் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தால் மோட்டார் போட்டு இறைக்கிறோமே, அதே வேலைதான். எம்டிஆர்1 என்று இன்னொரு பம்ப்; அது ஏடிபியைத் தொடாது, புரோட்டான் (ஹைட்ரஜன் அயனி) உள்ளே பாயும் விசையில் ஓடும். டேக்1 மரபணுவில் சில மாற்றங்கள் வந்தால் சிடிஆர்1 எந்நேரமும் ஏராளமாக உருவாகும். பூஞ்சை வளர்க்கும் தட்டில் மருந்து தோய்த்த சின்ன வட்டை வைத்தால் சாதாரணக் கேண்டிடா சுற்றிலும் இடம் விட்டு வளரும். இப்படி மாறிய கேண்டிடா வட்டின் ஓரம் வரை வெண்ணெய் தடவினாற்போல் வந்து நிற்கும்.

காசிமேடு: அண்ணே, கடல் தண்ணில குளிச்சா படர்தாமரை போயிடுமா?

போகாது தம்பி. உப்பிலிருக்கும் சோடியத்தை வெளியேற்றும் பம்ப் பூஞ்சைகளிடம் உண்டு. மூளைக்காய்ச்சல் தரும் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையில் ஈஎன்ஏ1 என்ற அந்தப் பம்பை நீக்கியபோது, காரத்தன்மையைத் தாங்க முடியாமல் போனது. எலிகளிடம் நோய் உண்டாக்கும் வீரியமும் போனது.

காசிமேடு: எனக்குப் போச்சே!

அரிப்பு அடங்கியிருக்கும். நடுவில் தோல் தெளிந்துதான் இருக்கும், ஓரத்தைப் பாருங்கள். சிவந்த விளிம்பு நகர்ந்துகொண்டிருந்தால் பூஞ்சை உயிரோடு இருக்கிறது.

வண்ணாரப்பேட்டை மருந்துக்கடைக்காரர்: அப்போ படர்தாமரைக்குக் கொடுக்கும் டெர்பினஃபைன் மருந்து கேட்காததற்கும் பம்ப்தானே காரணம்?

இல்லை, இங்கே உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். படர்தாமரை தரும் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்ற பூஞ்சையில் முக்கியக் காரணம், மருந்து போய் ஒட்டவேண்டிய ஸ்குவாலின் எபாக்ஸிடேஸ் நொதியே மாறிவிட்டது. எல்லாப் பழியையும் பம்ப் மேல் போட வேண்டாம். ஸ்டீராய்டு கலந்த க்ரீமைச் சீட்டில்லாமல் கொடுக்காதீர்கள் ஐயா, கையெடுத்துக் கேட்கிறேன்.

ராயபுரம்: க்ரீம் பேர் சொல்லுங்க சார்.

மூன்றாவது ஆள் இதைக் கேட்கிறீர்கள். சொல்ல மாட்டேன். தோல் டாக்டரைப் பாருங்கள், சொன்ன நாள் வரை மருந்தை நிறுத்தாதீர்கள்.

தண்டையார்பேட்டை அக்கா: 2021ல் கருப்புப் பூஞ்சை சர்க்கரைக்காரர்களை ஏன் அதிகம் பிடித்தது?

ஒரு காரணம் இரும்பு அக்கா. சர்க்கரை கட்டுமீறி ரத்தம் அமிலமானால், ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் புரதத்தின் பிடியிலிருந்து இரும்பு கழன்றுவிடும். கருப்புப் பூஞ்சை நோய் தரும் ரைசோபஸ் அதை எஃப்டிஆர்1 என்ற வாசல் வழியாக வாரிக்கொள்ளும். ஸ்டீராய்டும் சேர்ந்தால் எதிர்ப்புச் சக்தியும் படுத்துவிடும்.

கொருக்குப்பேட்டை மாணவி: மருந்தை வெளியே தள்ளும் பம்பை அடைக்க ஒரு மருந்து இல்லையா சார்?

பரிசோதனைக் கூடத்தில் டாக்ரோலிமஸ் என்ற மருந்து சிடிஆர்1ஐ முடக்குகிறது. ஆனால் அது சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கக் கொடுக்கும் மருந்தும்மா. பூஞ்சை வந்த ஆளுக்கு அதை எப்படிக் கொடுப்பது?