கேரவனில் கெய்ர்ன்ஸ் போகத் துடிக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

சிட்னிக்கு வந்து எட்டு மாதமாகிறது என்றும், டிசம்பர் 26ஆம் தேதி புறப்பட்டு, நண்பர் இரவல் தரும் கேரவனை உங்கள் ஐந்து இருக்கைக் காருக்குப் பின்னால் பூட்டிக்கொண்டு, மனைவி, இரண்டு குழந்தைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியார் ஆகியோருடன் கடற்கரை ஓரமாகவே கெய்ர்ன்ஸ் வரை போய்ப் பத்து நாளில் திரும்ப எண்ணியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பார்க்க வேண்டிய இடங்கள் எவை, செலவு எவ்வளவு ஆகும், பெரியவர்கள் இருவரும் கேரவனுக்குள் படுத்துக்கொண்டே வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: கூடவே கூடாது. இழுத்துச் செல்லப்படும் கேரவனுக்குள் ஆள் இருப்பது இந்த நாட்டில் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் உள்ளே சீட் பெல்ட் கிடையாது. நம் ஊரில் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் இளைப்பாறும் குளிர்சாதன வண்டி என்றே பழகிவிட்டதால் இந்தக் கேள்வி எழுகிறது. இங்கே அது சக்கரம் பூட்டிய ஒரு சிறிய வீடு. அந்த வீட்டை நீங்கள் பின்னால் கட்டி இழுக்கப்போகிறீர்கள்.

சிட்னியிலிருந்து கெய்ர்ன்ஸ் கடற்கரை வழியே ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர். சென்னையிலிருந்து டெல்லிக்குப் போவதைவிடச் சற்றுக் கூடுதல். அதையும் போய்வரப் பத்து நாளில் என்றால், குழந்தைகள் பார்க்கப்போவது கடலை அல்ல, உங்கள் பின்மண்டையை. அது மட்டுமன்று, டிசம்பர் கடைசியில் கெய்ர்ன்ஸ் இருக்கும் வடக்கு குவீன்ஸ்லாந்தில் மழைக்காலம், புயல் பருவம் வேறு. நவம்பர் முதல் மே வரை அங்குள்ள கடலில் கொட்டினால் உயிரையே எடுக்கக்கூடிய சொறிமீன்கள் உலவும். வலை கட்டிய பகுதிக்கு வெளியே இறங்கக் கூடாது. ஆற்று முகங்களில் உவர்நீர் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகை இல்லாத இடத்தில் முதலையும் இருக்காது என்று நம்பிவிட வேண்டாம். அந்தப் பயணத்தை ஜூலையில் விமானத்தில் போவதற்கு ஒதுக்கி வையுங்கள்.

இனி நான் உண்மையில் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன்; அது எடை. உங்கள் கார் எவ்வளவு இழுக்கும் என்று எழுதவில்லை, நண்பரின் கேரவன் எவ்வளவு எடை என்றும் எழுதவில்லை. இந்த இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் பார்க்க வேண்டிய இடங்களைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. கேரவனில் பொருத்தியிருக்கும் சிறு உலோகத் தகட்டில் டேர் என்று ஒன்றும் ஏடிஎம் என்று ஒன்றுமாக இரண்டு எண்கள் இருக்கும். டேர் என்பது ஒன்றும் ஏற்றாத வெறும் கேரவனின் எடை. ஏடிஎம் என்றதும் பணம் எடுக்கும் இயந்திரம் நினைவுக்கு வரும்; இது சாமான், தண்ணீர், கேஸ் எல்லாம் ஏற்றிய பிறகு அந்த வண்டி எட்டக்கூடிய உச்ச எடை. டேர் 2,000 கிலோவும் ஏடிஎம் 2,500 கிலோவும் என்றால், நீங்கள் ஏற்றலாம் என்பது 500 கிலோதான். 80 லிட்டர் தொட்டி இரண்டை நிரப்பினாலே அதில் 160 கிலோ போய்விடும். உங்கள் காரின் கையேட்டில் இழுவைத் திறன் 2,000 கிலோ என்றோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், அந்தக் கேரவனை நண்பரின் வீட்டு வாசலிலேயே விட்டுவிடுங்கள். கொக்கியின் மேல் இறங்கும் பாரம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்க வேண்டும்; கனமான பொருள்கள் அச்சுக்கு மேலேயே, தாழ்வாக வைக்கப்பட வேண்டும்; வால்பக்கம் கனத்தால் வண்டி ஆடும்.

ஆடுவது என்றால் என்ன என்பதை நான் 2002 ஈஸ்டர் விடுமுறையில் கற்றேன். அப்போது நாங்கள் வந்து ஓராண்டு ஆகியிருந்தது. பொறியியல் பட்டத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு சிட்னியின் சில்வர்வாட்டரில் ஒரு கிடங்கில் இரவுப் பணி செய்துகொண்டிருந்தேன். அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய பெரியவர் ஒருவர் தம்முடைய பழைய கேரவனை ஒரு வாரத்துக்குக் கொடுத்தார். எங்களிடம் இருந்தது 1992 மாடல் ஃபோர்டு ஃபால்கன் கார். ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலில் பூஜை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். அந்தச் சக்கரத்தில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத்தான் எவருக்கும் தோன்றவில்லை. கேரவனின் பின்கோடியில் இருந்த அலமாரியில் 20 கிலோ அரிசி மூட்டை, இரண்டு கேன் தண்ணீர், என் மனைவி பிடிவாதமாக எடுத்துவந்த டேபிள் டாப் கிரைண்டர் ஆகியவற்றை அடுக்கியவன் நான்தான்.

சிட்னிக்குத் தெற்கே, பேட்மன்ஸ் பே என்னும் கடலோர ஊரைத் தாண்டிய ஓர் இறக்கத்தில் பின்னால் வந்த லாரி எங்களை முந்தியது. அது கடக்கும்போது எழும் காற்று முதலில் தள்ளியது, பிறகு இழுத்தது. கண்ணாடியில் கேரவனின் ஒரு பக்கம் தெரிந்தது, மறுகணம் மறுபக்கம் தெரிந்தது. காரின் பின்பகுதியை யாரோ பிடித்து உலுக்குவதுபோல் இருந்தது. நான் பிரேக்கை மிதித்தேன், ஆட்டம் கூடியது. காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, வேகம் தானாகக் குறையும்வரை மூச்சை அடக்கியிருந்தேன். ஓரங்கட்டி நிறுத்தியபோது பின்னிருக்கையில் மூன்று வயது மகள் இன்னொரு முறை அப்படிச் செய்யச் சொல்லிக் கேட்டாள். அரிசி மூட்டை அந்த இடத்திலேயே அச்சுக்கு மேலே வந்தது. கிரைண்டர் காருக்குள் என் மனைவியின் காலடிக்கு வந்தது. இன்றைய கேரவன்களில் மின்பிரேக் உண்டு. காருக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பொத்தானால் கேரவனின் பிரேக்கை மட்டும் தனியே போடலாம். அந்தப் பொத்தான் உங்கள் காரில் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது எச்சரிக்கை கடல். தூத்துக்குடிக்காரன் என்பதால் எனக்குக் கடல் தெரியும் என்று நினைத்தேன். மன்னார் வளைகுடாவின் அமைதியான கரையில் நீந்திப் பழகியவனுக்குப் பசிபிக் தெரியாது என்பதை அதே பயணத்தில் நரூமாவுக்கு அருகில் உணர்ந்தேன். இருபுறமும் அலை உடைந்து நுரைக்க, நடுவே மட்டும் நீர் கருத்து, அலையின்றிச் சாதுவாக இருந்தது. குளிக்க ஏற்ற இடம் என்று இறங்கினேன். அங்கேதான் ரிப் என்னும் நீரோட்டம் கரைக்கு வந்த நீரையெல்லாம் திரும்பக் கடலுக்குள் எடுத்துச் செல்கிறது. ஐந்து நிமிடம் கரையை நோக்கி நீந்தினேன், கரை தள்ளித் தள்ளிப் போயிற்று. அலைப்பலகையில் வந்த ஓர் இளைஞன் என்னை அதன் மேல் ஏற்றிக் கொண்டுவந்து விட்டுவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் மீண்டும் நீருக்குள் போய்விட்டான். சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவில் மட்டுமே இறங்க வேண்டும். கொடி இல்லாத கடற்கரையில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தாமல் மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். நம்மவர்கள் ஜீன்ஸுடனும் சேலையுடனும் கைகோத்துக்கொண்டு அலைக்குள் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். கொடி இருக்கும் இடம் கார் நிறுத்துமிடத்திலிருந்து இருநூறு அடி தள்ளி இருக்கிறது, அவ்வளவு தூரம் நடக்க வேண்டுமே என்பதுதான் காரணம் என்று ஒருவர் என்னிடமே சொன்னார்.

டிசம்பர் 26 என்ற தேதியையும் மறந்துவிடுங்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில், கேரவனை நிறுத்தித் தங்க இடம் தரும் கடற்கரையோரக் கேரவன் பூங்காக்களில் ஆண்டுதோறும் அதே குடும்பங்கள் அதே மனையை முன்கூட்டியே பிடித்துவைத்திருக்கும். மிஞ்சும் மனைக்கு ஒரு வாரம் தங்கியே தீர வேண்டும் என்பார்கள். காட்டுத்தீக் காலமும் அதுவே. 2019ஆம் ஆண்டின் கடைசி நாளில் விக்டோரியாவின் கடலோர ஊரான மல்லக்கூட்டாவில் ஆயிரக்கணக்கானோர் கரையில் ஒதுங்கி நின்றதையும், பிறகு கடற்படைக் கப்பல் வந்து பலரை ஏற்றிச் சென்றதையும் இங்கே எவரும் மறக்கவில்லை. ஏப்ரல் பள்ளி விடுமுறையில் ஈஸ்டர் கூட்டம் கலைந்த பிறகு தெற்கே போங்கள். கடல்நீர் அப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். கியாமாவில் பாறைத் துளை வழியே கடல் பீறிடுவதைப் பார்த்துவிட்டு, சிட்னியிலிருந்து நரூமா வரையான ஏறத்தாழ 350 கிலோமீட்டரை இரண்டு நாளில் போய், அங்கே நான்கு நாள் அசையாமல் இருங்கள். நௌராவுக்குத் தெற்கே பிரின்சஸ் நெடுஞ்சாலையின் பெரும்பகுதி திசைக்கு ஒற்றைத் தடம்தான். பின்னால் கார்கள் சேர்ந்தால் இடம் கிடைத்ததும் ஒதுங்கி வழிவிடுங்கள். மாலை மங்கும் முன்பே வண்டியை நிறுத்திவிடுங்கள். கங்காரு பெரும்பாலும் இருட்டும் வேளையில்தான் சாலைக்கு வரும்.

செலவைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை; பூங்காவின் விலையைத் தேடினால் ஒரு நொடியில் கிடைக்கும். ஆனால் பூங்காவுக்குள் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. பொதுச் சமையற்கூடத்தில் இருக்கும் இரண்டு அடுப்பையும் மாலை ஐந்து மணிக்குப் பிடித்து, ஆறு குடும்பத்துக்குப் பிரியாணி கிண்டி, ஒன்பது மணிக்கு விட்டுக்கொடுக்கும் கூட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். கையில் நாலு சாசேஜுடன் காத்து நின்ற வெள்ளைக்காரக் கிழவர் முகம் சுளித்தால், இனவெறி என்று வாட்ஸ்அப்பில் எழுதுவார்கள். இனவெறியை நானும் சந்தித்திருக்கிறேன், அது வேறு, இது அடுப்பு. இன்னொரு வகையினரும் உண்டு: எண்பதாயிரம் டாலருக்குப் புதுக் கேரவன் வாங்கி, வீட்டு முன்னால் நிறுத்தி, தீபாவளிக்கு வருபவர்களுக்குத் திறந்து காட்டிவிட்டுத் திரும்ப உறை போடுபவர்கள்.

எனக்குக் கேரவனைப் பின்னோக்கி ஓட்டத் தெரியும் என்பதைத் தற்பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். அந்தப் பெரியவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிடங்கின் வெற்று முற்றத்தில் எண்ணெய் பீப்பாய்களை நிறுத்திவைத்து எனக்குக் கற்றுக்கொடுத்தார். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடி, கேரவனின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து என்பதே அவர் பாடம். முதல் நாள் மூன்று பீப்பாயைச் சாய்த்தேன். அவர் ஒவ்வொரு முறையும் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் நிமிர்த்தி வைத்துவிட்டு, தம் தேநீர்க் குடுவையின் அருகே திரும்ப உட்கார்ந்துகொண்டார். நீங்களும் ஒரு காலியிடத்தில் இரண்டு காலை நேரமாவது பழகாமல் பூங்காவுக்குள் நுழைய வேண்டாம். அங்கே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் உங்களைத்தான் பார்ப்பார்கள்.

நண்பரிடம் கேரவனை இரவல் வாங்கும்போது அதன் மின்வயர் உள்ளே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அது 15 ஆம்பியர் பிளக்; அதன் ஒரு முள் அகலமாக இருப்பதால், வீட்டில் நாம் பயன்படுத்தும் சாதாரண எக்ஸ்டென்ஷனில் நுழையாது. பெரியவர் வயரைத் தம் வீட்டுக் கொட்டகையில் மறந்துவிட்டார், நான் கேட்கவுமில்லை. அந்தப் பழைய வண்டியில் பேட்டரியும் இல்லாததால், அந்த முதல் இரவை டார்ச் விளக்கில் கழித்தோம். மறுநாள் காலை பக்கத்து மனைக்காரர் தம்மிடம் உபரியாக இருந்த வயரைக் கொண்டுவந்து தந்தார். கிரைண்டருக்கு அப்போதுதான் மின்சாரம் வந்தது. முதல் ஈடு இட்லி அவருக்குப் போயிற்று.