புத்தகம் கடத்தின நாடு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், லித்துவேனியாவுல புத்தகம் கடத்தினதுக்காக ஒரு தினமே கொண்டாடுறாங்கன்னு படிச்சேன். புத்தகத்தை எதுக்கு கடத்தணும்? (கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: எழுத்துக்கே தடை போட்டாங்கம்மா, அதான் காரணம். அப்போ லித்துவேனியா ரஷ்யப் பேரரசோட கையில இருந்துச்சு, 1863ல ரஷ்ய ஜார் மன்னர் ஆட்சிக்கு எதிரா போலந்து, லித்துவேனியா பக்கம் பெரிய கலகம் வெடிச்சுது, அதை அடக்கின கையோட லித்துவேனிய மொழியை லத்தீன் எழுத்துல அச்சடிக்கவே கூடாது, வேணும்னா ரஷ்ய எழுத்துல அச்சடிச்சுக்கோங்கன்னு சட்டம் கொண்டு வந்துட்டாங்க. சர்க்காரே ரஷ்ய எழுத்துல புத்தகம் போட்டு கொடுத்துச்சு, ஜனங்க சீந்தவே இல்ல. 1904 வரைக்கும், கிட்டத்தட்ட 40 வருஷம் இதே கதைதான்.

அப்போ புத்தகம் எங்கேர்ந்து வரும்? எல்லைக்கு அந்தப் பக்கம் ஜெர்மனி கையில இருந்த கிழக்கு பிரஷ்யாவுலேர்ந்துதான், அங்க தில்சித் மாதிரி ஊர்ல அச்சாகும். பிஷப் வலான்ச்சியுஸ் இதுக்கு ஆரம்பத்துல ஏற்பாடு பண்ணினார், ஆனா ராத்திரியில மூட்டையைத் தூக்கிட்டு எல்லைக் காவலைத் தாண்டி வந்தவங்கள்ல நிறைய பேர் சாதாரண விவசாயிங்க. மாட்டினா ஜெயில், இல்லேன்னா சைபீரியா. யூர்கிஸ் பியலினிஸ்னு ஒருத்தர் முப்பது வருஷம் போல இதையே வேலையா செஞ்சார், போலீஸ் பிடிச்சாலும் தப்பிச்சு வந்து திரும்ப மூட்டையைத் தூக்குவார். அவர் பிறந்த மார்ச் 16தான் நீங்க படிச்ச அந்த தினம்.

மூட்டையில என்ன இருந்துச்சுன்னு பாருங்க, முக்கால்வாசி ஜெபப் புத்தகம், காலண்டர், பிள்ளைங்களுக்கான அரிச்சுவடி. 1883க்கு அப்புறம் பஸனாவிச்சியுஸ் ஆரம்பிச்ச ‘ஔஷ்ரா’ பத்திரிகையும் சேர்ந்துக்கிச்சு. அரிச்சுவடி வீட்டுக்கு வந்ததும் சொல்லிக் கொடுத்தது அம்மாதான். பெத்ராஸ் ரிம்ஷா 1906ல செஞ்ச ஒரு சிற்பம் இருக்கு, அம்மா ராட்டையில நூல் நூத்துக்கிட்டே இருக்கா, பிள்ளை பக்கத்துல நின்னு புத்தகத்தைப் பார்த்து எழுத்துக்கூட்டுது. அந்த சிற்பத்துக்கு அவர் வச்ச பேர் ‘லித்துவேனியப் பள்ளிக்கூடம்’. ஒரு தேசத்தை எழுத்தாளர்தான் உருவாக்கினார்னு சொல்றவங்ககிட்ட நான் இந்த சிற்பத்தைத்தான் காட்டுவேன், எழுதினவங்களை விட சுமந்தவங்களும் படிச்சவங்களும்தான் அங்க பெரிய ஆளுங்க.

கேள்வி: என் பிள்ளைங்களுக்கு சொல்ற மாதிரி அந்த நாட்டு நாட்டுப்புறக் கதை ஒண்ணு சொல்லுங்களேன். (இல்லத்தரசி, மதுரை)

பதில்: எக்லே கதை சொல்லுங்க, பிள்ளைங்க அழும், இருந்தாலும் சொல்லுங்க. குளிச்சுட்டு கரையேறின எக்லேயோட சட்டைக் கைக்குள்ள ஒரு பாம்பு சுருண்டு கிடக்கு, கல்யாணம் பண்ணிக்கிறேன்னு வாக்கு கொடுத்தாதான் போவேங்குது. போனா அது கடலுக்கடியில ராஜா, அழகான ஆள், பேரு ஜில்வினாஸ். மூணு பையன், ஒரு பொண்ணு, சந்தோஷமா ஒன்பது வருஷம் ஓடுது. அப்புறம் பிள்ளைங்களோட பிறந்த வீட்டுக்கு போறா, திரும்பி வர்றப்ப கரையில நின்னு என் பேரைச் சொல்லி கூப்பிடு, உயிரோட இருந்தா பால் நுரை வரும், செத்திருந்தா ரத்த நுரை வரும்னு அவன் சொல்லி அனுப்புறான். அவளைத் திருப்பி அனுப்ப அண்ணன்மாருக்கு மனசில்ல, அப்பா பேரைச் சொல்லுன்னு பிள்ளைங்களை மிரட்டுறாங்க, பையனுங்க வாயே திறக்கல, சின்னப் பொண்ணு ட்ரெபுலே பயந்து சொல்லிடுது. அண்ணன்மார் புல்லு வெட்டுற அரிவாளோட கரைக்குப் போய் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஜில்வினாஸை வெட்டிப் போட்டுடுறாங்க. அப்புறம் எக்லே கரையில நின்னு கூப்பிடுறா, வர்றது ரத்த நுரை. துக்கத்துல பையனுங்களை ஓக், ஆஷ், பிர்ச் மரமா ஆக்கிட்டு, பொண்ணை எப்பவும் நடுங்குற ஆஸ்பென் மரமாக்கி, தானும் ஸ்ப்ரூஸ் மரமாயிடுறா.

அந்தக் குழந்தை மேல பழி போடாம சொல்லுங்க, மிரட்டினது பெரியவங்கதானே. பழைய லித்துவேனிய வீடுகள்ல விஷமில்லாத புல்பாம்புக்கு பால் வச்சு காப்பாத்துவாங்க, அதை அடிச்சா குடும்பத்துக்கு ஆகாதுன்னு நம்பிக்கை. அது தெரிஞ்சா அண்ணன்மார் செஞ்சது எவ்வளவு பெரிய பாவம்னு புரியும்.

கேள்வி: நோபல் வாங்கின மிலோஷ் போலந்துக்காரரா, லித்துவேனியரா? (ஓய்வு பெற்ற ஆசிரியர், கோவை)

பதில்: கவிஞர் மிலோஷ் பிறந்தது 1911ல லித்துவேனியாவுல, எழுதினது போலிஷ்ல. அவருக்கு முன்னாடி கவிஞர் மிட்ஸ்கேவிச் 1834ல வந்த தன் காவியத்தை லித்துவேனியாவே என் தாய்நாடேன்னு கூப்பிட்டு ஆரம்பிச்சாரு, அதுவும் போலிஷ்லதான். அதனால மொழிதான் தேசம்னு ஒரே வரியில முடிச்சா அந்த மண்ணோட பாதி இலக்கியம் வெளிய போயிடும். தலைநகர் வில்னியுஸ், ஐரோப்பிய யூதர்கள் பேசின இத்திஷ் மொழிக்கும் பெரிய நகரம் சார். நாஜி காலத்துல இத்திஷ் கவிஞர் சுத்ஸ்கேவரும் அவர் கூட இருந்த யூத எழுத்தாளர்களும் புத்தகத்தையும் கையெழுத்துப் பிரதியையும் உடம்புல ஒளிச்சு, யூதர்களை அடைச்சு வச்சிருந்த கெட்டோ பகுதிக்குள்ள கடத்தி காப்பாத்தினாங்க. அந்த யூத ஜனங்கள்ல பெரும்பாலானவங்களை நாஜிங்க கொன்னுட்டாங்க, அதுல உள்ளூர்க்காரங்க கையும் இருந்துச்சு, அதை விட்டுட்டு தேசப் பெருமை பேசுறது எனக்கு சரியாப் படல.

கேள்வி: ஒரே ஒரு புத்தகம் படிக்கணும்னா எது? (வாசகர், சேலம்)

பதில்: தல்யா கிரின்கெவிச்சியூதே எழுதின நினைவுக் குறிப்பு. 1941 ஜூன்ல சோவியத் ஆட்சி அவங்க குடும்பத்தை நாடு கடத்தினப்ப அவங்களுக்கு வயசு 14, லேனா நதி கடல்ல கலக்குற இடத்துல பனிக்குள்ள கொண்டு போய் விட்டாங்க. 1949ல அம்மாவோட தப்பிச்சு லித்துவேனியாவுல இருக்கிற கௌனாஸ் நகரத்துக்கு வந்து ஒளிஞ்சிருந்து அதையெல்லாம் எழுதி, கண்ணாடி ஜாடியில போட்டு தோட்டத்துல புதைச்சு வச்சாங்க. அப்புறம் கைதாகி, விடுதலையாகி வந்து தேடினா ஜாடி கிடைக்கல, மறுபடி முதல்லேர்ந்து எழுதினாங்க. 1987ல இறந்துட்டாங்க, ஜாடி 1991ல கிடைச்சுது. சின்ன வயசுல எழுதின அந்த முதல் பிரதியைத் தேடிப் படிங்க, கோபம் ஆறாத எழுத்து அது, ஆங்கிலத்துல கிடைக்குது. தமிழ்ல கொண்டு வர ஆசைப்படுற மொழிபெயர்ப்பாளர் யாராவது இருந்தா பத்திரிகை முகவரிக்கு எழுதுங்க, பதிப்பாளர்கிட்ட நான் பேசுறேன்.