டிரஸ்ஸிங் கட்ட ஒரு வருஷ கோர்ஸ் போதுமாக்கா?

அக்கா, பாப்பா ப்ளஸ் டூ முடிச்சிருக்கா, தர்மபுரியிலயே ஒரு வருஷ நர்சிங் அசிஸ்டண்ட் கோர்ஸ் இருக்கு, ஊசி டிரஸ்ஸிங் எல்லாம் கத்துத்தர்றாங்களாம், சேத்துடலாமான்னு கேட்டீங்க. பீஸ் கட்டிடாதீங்க, கொஞ்சம் பொறுங்க.

போன வருஷம் பாலக்கோடு பக்கத்துப் பொண்ணு ஒண்ணு அப்படி ஒரு இடத்துல முடிச்சுட்டு வந்து எங்கிட்ட அழுதுச்சு, இன்டர்வியூவுல மொத கேள்வியே கவுன்சில் ரிஜிஸ்டர் நம்பர் என்னம்மான்னுதானாம். நர்ஸுங்க பேர பதிவு பண்ற தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் குடுக்கற நம்பர் அது. ஏஎன்எம் (துணை நர்ஸ், மிட்வைஃப் படிப்பு), ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமோ), பிஎஸ்சி நர்சிங் முடிச்சாத்தான் அந்த நம்பர் வரும், நர்ஸுங்க பேர பதிவு பண்றதுக்கு 1926லயே சட்டம் போட்டுட்டாங்க.

டிரஸ்ஸிங்ன்னா பஞ்சு வெச்சு பிளாஸ்டர் ஒட்டுறதுன்னு நெனச்சுடறோம். சுகர்காரங்க கால் புண்ணு ஒண்ண யோசிச்சுப் பாருங்க, காஞ்சு ஒட்டிக்கிட்ட துணிய வெடுக்குன்னு இழுத்தா புதுசா வளந்த சதையும் சேந்து வந்துரும், சலைன், அதான் சுத்தமான உப்புத்தண்ணி, ஊத்தி ஊறவெச்சுத்தான் எடுக்கணும், அப்பறம் கை கழுவி கிருமி இல்லாத ஸ்டெரைல் கிளவுஸ் போட்டு, ஒரு காஸ் துணியில ஒரே ஒரு தடவதான் துடைக்கணும், நடுவுல மாஸ்க் நழுவுதுன்னு கை மூக்குக்குப் போச்சா, கிளவுஸ் போச்சு, வேற மாத்தணும். இதெல்லாம் கூட பழகிடும். நாத்தம் அடிக்குதா, ஓரம் கறுத்திருக்கா, சுத்தி செவப்பு ஏறுதான்னு பாத்து டாக்டருக்கு உடனே சொல்லத் தெரியணும் பாருங்க, அதுக்குத்தான் வருஷக்கணக்குல படிக்கறது. படிக்கற பொண்ணுங்களே சிஸ்டர் பக்கத்துல நின்னாத்தான் செய்யணும்.

அசிஸ்டண்ட் வேலை ட்ரே எடுத்துக்குடுக்கறது, பேஷண்ட்ட திருப்பிப் படுக்க வெக்கறது. அது ஒண்ணும் கேவலம் இல்ல, ஆனா சின்ன கிளினிக்ல "நீயே கட்டி விட்டுரும்மா"ம்பாங்க, ஏதாச்சும் ஆச்சுன்னா பாப்பாவத்தான் கை காட்டுவாங்க.

அவ பயாலஜி குரூப்னா பிஎஸ்சி 4 வருஷம், காமர்ஸ்னா ஜிஎன்எம் 3 வருஷம் பாக்கலாம், சீக்கிரம் சம்பாதிக்கணும்னா ஏஎன்எம் 2 வருஷம். 2021ல நம்ம சூளகிரி பக்கம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்சாங்களே மக்களைத் தேடி மருத்துவம், படுத்த படுக்கையா இருக்கறவங்கள வீட்டுக்கே போய்ப் பாக்கறதுக்கும் அதுல நர்ஸுங்கள வெச்சிருக்காங்க.

அந்த ஒரு வருஷ கோர்ஸ் நடத்தற எடத்துக்கு போன் போட்டு, முடிச்சா கவுன்சில்ல பதிய முடியுமா, வார்டு பழக எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீங்கன்னு ரெண்டே ரெண்டு கேளுங்க. மழுப்புனா அட்வான்ஸ் கூட குடுக்காம மார்க் ஷீட்ட எடுத்துட்டு பாப்பாவோட இங்க வாங்க, அஞ்சு மணிக்கு மேல ஆஃபீஸ்லதான் இருப்பேன்.